தங்கத்தின் மேல் ஆன்டிபாடி: கெடா பிள்ளைகளுக்கு ஒரு வேலைப் பாதை

கூலிம் தொழிற்பேட்டையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு ஷிப்ட் நிற்கும் நம் பிள்ளைகளில் பலர் பாடாங் செராய், லூனாஸ், பீடோங், சுங்கை பட்டாணிப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். 1996-ல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா நாட்டிலேயே முதலாவது. அங்கே கிளீன்ரூமுக்குள் போனவர்களுக்குச் சில பழக்கங்கள் ரத்தத்தில் ஊறிவிடுகின்றன. எதையும் வெறுங்கையால் தொடுவதில்லை. லாட் எண்ணைக் குறிக்காமல் எதையும் நகர்த்துவதில்லை. எழுதி வைத்த முறையைத் தாண்டி ஒரு படிகூடக் குறுக்கே போவதில்லை. இந்தப் பழக்கங்களை வைத்துக்கொண்டு இன்னொரு தொழிலுக்குள் நுழையலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் தொழில், மின்முனையின் பரப்பில் ஆன்டிபாடியை ஒட்டவைப்பது. பள்ளிப் புத்தகம் எதிர்ப்பொருள் என்று சொல்லும் அதே புரதம்தான் ஆன்டிபாடி. சர்க்கரை பார்க்கும் கருவியை நம் வீடுகளில் அநேகமாக எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதில் செருகும் சிறு பட்டையின் நுனியில் ஒரு மின்முனை, அதன்மேல் ஒரு நொதி. 1962-ல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த யோசனையின் வாரிசு அது. நொதி இருந்த இடத்தில் ஆன்டிபாடியை வைத்துவிட்டால் சர்க்கரையோடு நிற்க வேண்டியதில்லை. டிங்கிக் கிருமி ரத்தத்தில் விடும் என்.எஸ்.1 புரதத்தையோ, மாரடைப்பின்போது இதயத் தசையிலிருந்து கசியும் டிரோப்போனினையோ மின்சாரக் கணக்காகப் படிக்க முடியும். அபோட் நிறுவனத்தின் ஐ-ஸ்டாட் கருவியில் டிரோப்போனின் பார்க்கும் கார்ட்ரிட்ஜ் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. நோயாளியின் கட்டிலருகே வைத்தே சுமார் 10 நிமிடத்தில் முடிவு வந்துவிடும். கிளினிக்கில் காட்டும் டிங்கிப் பட்டையில் கண்ணுக்குத் தெரிவது ஒரு கோடு. மின்முனை தருவது ஒரு எண். அந்த எண் நம்பத்தக்கதா இல்லையா என்பதை மருத்துவமனைக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே தீர்மானிப்பது, ஆன்டிபாடியை ஒட்டவைத்தவரின் கை.

கெடாவிலிருந்து எட்டும் தூரத்திலேயே இது நடக்கிறது. வடக்கே பெர்லிஸ் மாநிலத்தில் யூனிமேப் பல்கலைக்கழகத்தின் நானோ மின்னணுப் பொறியியல் கழகம் இருக்கிறது. இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்ததுபோன்ற இடைகோர்த்த மின்முனைகளைத் தயாரித்து, அவற்றில் உயிர்மூலக்கூறுகளை ஒட்டவைத்து, பல வருடங்களாக ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டு வருகிறார்கள். அங்கிருந்து எழுதியவர்களில் சுபாஷ் சந்திரபோஸ் கோபிநாத், லட்சுமிபிரியா ஆகியோரின் பெயர்களை இத்துறையில் தேடுகிறவர்கள் அடிக்கடி சந்திப்பார்கள். பீடோங் அருகே செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜி படிக்கலாம். பாலம் தாண்டினால் பினாங்கில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகம், அதையொட்டி பாயான் லெப்பாஸ் மருத்துவக் கருவித் தொழிற்சாலைகள். மலேசியாவில் உருவாகி வெளிநாட்டுச் சந்தைக்கும் போன டைபிடாட் என்ற டைபாய்டு பரிசோதனை யு.எஸ்.எம்.மில் அஸ்மா இஸ்மாயில் குழு உருவாக்கியது. அதில் பரப்பில் ஒட்டியிருப்பது கிருமியின் புரதம், பிடிபடுவதுதான் நோயாளியின் ஆன்டிபாடி. திசை மாறினாலும் தேவைப்படும் கைப்பழக்கம் இதேதான்.

வேலை எப்படி நடக்கிறது

இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர் ஆன்டிபாடியையே நினைத்துக்கொண்டிருப்பார். விலை கூடிய பொருள், சிறு குப்பியில் வருகிறது, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதால் கவனமெல்லாம் அதன்மேல் போகிறது. ஆனால் பெரும்பாலான தோல்விகள் ஆன்டிபாடி பரப்பைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பரப்பைப் படிக்கத் தெரிந்தவரே இங்கே தேறுகிறார். கூலிமில் வேலை செய்தவருக்கு முன்கூட்டியே ஒரு பிடிப்பு இருக்கிறது என்று நான் நம்புவதும் இதனால்தான்.

முதலில் தங்கம். சுத்தமான தங்கத்தில் ஒரு துளி தூய நீர் விட்டால் படர்ந்து தட்டையாகக் கிடக்கும். காற்றிலுள்ள எண்ணெய்ப்பசை படியத் தொடங்கியதும் அதே துளி எழும்பி உருண்டு நிற்கும். எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணால் பார்க்கக்கூடிய சோதனை இது, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மின்முனையை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள். அடுத்து, நீர்த்த கந்தக அமிலத்தில் மின்முனையை வைத்து மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி ஓட்டுவார்கள். தங்கத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு, மின்னழுத்தம் திரும்பி இறங்கும்போது ஒடுக்கப்பட்டு, வளைகோட்டில் கூர்மையான ஒரு பள்ளம் காட்டும். வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பு மின்முனையோடு பார்த்தால் அது சுமார் 0.9 வோல்ட்டில் விழும். ஒரு சுற்றின் கோடு முந்தைய சுற்றின் கோட்டின் மேலேயே அப்படியே உட்காரும்வரை ஓட்ட வேண்டும். கோடுகள் இன்னும் நகர்கின்றன என்றால் பரப்பு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். “போதும்” என்று பக்கத்திலிருப்பவர் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

பிரானா என்று ஒரு கலவை இருக்கிறது, அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தது. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் தங்கம் கழுவ அதைத்தான் எழுதியிருப்பார்கள். ஒரு சொட்டு அசெட்டோன் பட்டாலே வெடிக்கக்கூடியது, மூடிய புட்டியில் வைத்தாலும் வாயு சேர்ந்து வெடிக்கும். அச்சடித்த மலிவு மின்முனைகளை அது அழித்தேவிடும். முதல் மாதத்தில் அதைத் தொடச் சொன்னால், பிளாஸ்மா சுத்திகரிப்பு இருக்கிறதா, அமிலத்தில் மின்வழிச் சுத்திகரிப்பு போதாதா என்று கேளுங்கள்.

தங்கம் தயாரானதும் அதன்மேல் ஒரு மெல்லிய மூலக்கூறு அடுக்கு. கந்தகத்தை ஒரு முனையில் வைத்த தயோல்கள் தங்கத்தில் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். 1983-ல் பெல் ஆய்வகத்தின் நுஸ்ஸோவும் அல்லாராவும் தங்கத்தின் மேல் கந்தகச் சேர்மங்கள் இப்படி அடுக்குவதைக் காட்டினார்கள். ஆய்வகங்களில் அடிக்கடி பயன்படுவது எம்.யூ.ஏ. என்று சுருக்கிச் சொல்லும் மெர்கேப்டோஅன்டெக்கனாயிக் அமிலம். ஒரு முனையில் கந்தகம், பதினொரு கார்பன் நீளச் சங்கிலி, மறுமுனையில் கார்பாக்சில். எத்தனாலில் 1 மில்லிமோலார் கரைசலாக்கி, இரவு முழுக்க மூழ்கவிடுவார்கள். அடுக்கு முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி படிந்துவிடும், ஆனால் சீராக நிமிர்ந்து நெருங்குவதற்கு மணிக்கணக்காகும். ஆகவே இந்த வேலை பார்க்கிறவர் அட்டவணையை முந்தின நாள் மாலையிலேயே போட்டாக வேண்டும். ஷிப்ட் வேலையில் பழகியவருக்கு இது பெரிய காரியமில்லை.

அடுத்த படிதான் நுட்பம். கார்பாக்சில் முனையை இ.டி.சி., என்.எச்.எஸ். என்னும் இரண்டு வேதிப்பொருள்கள் கொண்டு தூண்டி விடுகிறோம். அப்போது அந்த முனை, ஆன்டிபாடியில் உள்ள லைசின் அமைன்களைப் பற்றிப் பிணைந்துகொள்ளும் நிலைக்கு வருகிறது. தூண்டுதலுக்கு எம்.இ.எஸ். தாங்கல் கரைசலில் பி.எச். 5 முதல் 6 வரை வைப்பார்கள், 15 முதல் 30 நிமிடம் போதும். பிறகு கழுவி, உடனடியாக, பி.எச். 7.4 பக்கம் உள்ள கரைசலில் ஆன்டிபாடியைக் கொண்டுவர வேண்டும். உடனடியாக என்பதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள். தூண்டப்பட்ட முனையான அந்த எஸ்டர் தண்ணீரோடும் வினைபுரிந்து வீணாகும். பி.எச். 7-ல் குளிரில் அதன் பாதி போக நாலைந்து மணி நேரம் ஆகும். பி.எச். 8.6-க்கு ஏறினால் பத்து நிமிடத்திலேயே பாதி போய்விடும். கழுவி வைத்துவிட்டுத் தேநீருக்குப் போய் வந்து ஆன்டிபாடி விட்டவருக்கு ஒட்டாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நம் ஊர் ஈரப்பதம் இங்கே நேரடியாக வந்து தலையிடுகிறது. இ.டி.சி. குளிர்பெட்டியில் மைனஸ் இருபதில் இருக்கும் வெள்ளைத் தூள், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். செமிலிங்கிலோ சுங்கை பட்டாணியிலோ குளிர்ந்த புட்டியை அப்படியே திறந்தால் உள்ளே வியர்த்து, தூள் கட்டியாகிவிடும். புட்டியை மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். இன்னும் நல்லது, வாங்கியதும் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு தேவைக்கு ஒன்றாக எடுப்பது. ஐரோப்பிய ஆய்வகம் எழுதிய முறையில் இந்த வரி இல்லாமலும் போகலாம், ஏனென்றால் அங்கே குளிர்காலக் காற்று உலர்ந்தது. சிலிக்கா, அலுமினியம் ஆகியவற்றின் மேல் ஒட்டுவதற்கு அமினோபுரோபைல்ட்ரையெத்தாக்சிசிலேன் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஈரம் பட்டால் அது அடுக்காகப் படியாமல் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்ளும்.

ஆன்டிபாடியின் குப்பியில் எழுதியிருப்பதைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். அதோடு பாதுகாப்புக்காக பி.எஸ்.ஏ. புரதமோ டிரிஸ் தாங்கல் கரைசலோ கலந்து விற்பார்கள். டிரிஸில் அமைன் உண்டு, பி.எஸ்.ஏ.யில் லைசின் தாராளமாக உண்டு. இரண்டும் உங்கள் ஆன்டிபாடிக்கு முன்னே போய்ப் பரப்பில் உட்கார்ந்துவிடும். கம்பெனியிடம் கேரியர்-ஃப்ரீ வகை உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சிறு உப்பு நீக்கும் தம்பத்தின் வழியே விட்டு, தாங்கல் கரைசலை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தம்பம் பி.எஸ்.ஏ.யைப் பிரிக்காது, அதுவும் பெரிய புரதம்தானே. இந்த ஒரு விஷயத்தை நேர்முகத் தேர்வில் சொல்லத் தெரிந்தாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒட்டுவது மட்டும் போதாது, எந்தப் பக்கமாக ஒட்டுகிறது என்பதும் முக்கியம். ஒரு ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி சுமார் 150 கிலோடால்டன் எடையுள்ள, ஒய் எழுத்து வடிவிலான புரதம். இலக்கைப் பிடிக்கும் இடம் இரு கைகளின் நுனியில். லைசின்களோ உடல் முழுக்கப் பரவியிருக்கின்றன, ஆகவே எந்தப் பக்கத்திலிருந்தும் பரப்பில் ஒட்டிக்கொள்ளலாம். கெடாவின் யான் பக்கத்து வயலில் நாற்றைத் தலைகீழாக நட்டால் எத்தனை பிழைக்குமோ அந்த நிலைதான் கைகீழாக ஒட்டிய ஆன்டிபாடிக்கும். ஆகவே முதலில் புரோட்டீன் ஏ அல்லது ஜி-யை ஒட்டி, அதன்மேல் ஆன்டிபாடியை விடுவார்கள். அவை இரண்டும் ஆன்டிபாடியின் தண்டுப் பகுதியைப் பிடிப்பதால் கைகள் வெளியே நீளும். இதற்குச் செலவு கூடும், படிகள் கூடும், எல்லா ஆன்டிபாடி வகையும் இரண்டோடும் ஒரே மாதிரி ஒட்டாது. எலியின் ஐ.ஜி.ஜி.1-க்கு புரோட்டீன் ஏ பலவீனம், ஜி பரவாயில்லை. வேலை ஆரம்பிக்குமுன் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

துளி விடும் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். மின்முனையின் வேலை செய்யும் வட்டம் சில மில்லிமீட்டர்தான். அதன்மேல் 10 மைக்ரோலிட்டர் துளியை விட்டு, பெட்ரித் தட்டில் ஈரத் தாள் வைத்து மூடி வைப்பார்கள். ஏர்கான் காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால் துளியின் ஓரம் உலர்ந்து வெள்ளை வளையம் தெரியும். ஓரத்தில் ஒரு ஆன்டிபாடி அடர்த்தி, நடுவில் இன்னொன்று. அந்த வளையம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அந்த மின்முனையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நோட்டில் காரணத்தை எழுதிவிட்டு, புதிதாக ஆரம்பிக்க வேண்டும். பிறகு வெற்றிடங்களை எத்தனாலமின் கொண்டும் பி.எஸ்.ஏ. கொண்டும் அடைப்பார்கள். இந்த அடைப்பு சரியில்லாமல் போனால் ரத்தத்தில் உள்ள வேறு புரதங்கள் எல்லாம் பரப்பில் போய் உட்காரும், எண் ஏறும், நோய் இருப்பதுபோல் காட்டும்.

ஒவ்வொரு படிக்கும் சாட்சி வேண்டும். ஃபெர்ரி–ஃபெர்ரோசயனைடு கரைசலில் மின்முனையை வைத்து மின்மறுப்பு நிறமாலை எடுத்தால் திரையில் ஒரு அரைவட்டம் வரும். பரப்பு மூடப்படும்போது எலெக்ட்ரான் கடந்து போகத் தடை கூடி, அரைவட்டம் பெரிதாகும். வெறும் தங்கத்தில் சிறிசு, தயோலுக்குப் பின் பெரிசு, ஆன்டிபாடிக்குப் பின் இன்னும் மாறும். அடுக்கில் அமைன் முனை இருந்தால் அரைவட்டம் சுருங்கவும் கூடும், ஏனென்றால் எதிர்மின்னூட்டம் கொண்ட ஃபெர்ரிசயனைடை அமைன் இழுத்துக்கொள்ளும். எந்தப் படியில் எப்படி மாற வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். மாறவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள், அங்கேயே நில்லுங்கள்.

கூடவே ஆன்டிபாடி இல்லாத ஒரு மின்முனையும், இலக்குக்குச் சம்பந்தமில்லாத ஆன்டிபாடி ஒட்டிய ஒன்றும் ஓட வேண்டும். மேற்பார்வையாளர் கேட்காவிட்டாலும் செய்யுங்கள்.

உள்ளே போகும் வழி

எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு ஒரு யோசனை: வேதியியலையும் உயிரியலையும் ஒன்றாக எடுத்துப் படிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அல்லது ஏய்ம்ஸ்ட் போன்ற இடத்தின் அடிப்படைப் படிப்பு, எதுவானாலும் சரி. பட்டப்படிப்புக்குப் பயோடெக்னாலஜியோ வேதியியலோ எடுத்தால் போதும். மின்னணுப் பொறியியல் எடுத்தவரும் உள்ளே வரலாம், யூனிமேப்பில் பலர் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். கடன் வேண்டுமானால் பி.டி.பி.டி.என். இருக்கிறது. கடன் வாங்கும்போதே கட்டும் கணக்கையும் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.

கூலிமில் ஏற்கனவே வேலை பார்ப்பவர்களுக்கு வேறு வழி. அட்வான்ஸ்ட் டெக்னாலஜி பயிற்சி மையமான அட்டெக் கூலிமிலேயே இருக்கிறது, துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக்கும் கூலிமில்தான். டிப்ளோமா இருந்தால் ஆய்வகத் தொழில்நுட்பராக மனு செய்யலாம். அங்கே உங்கள் கிளீன்ரூம் அனுபவத்தை விண்ணப்பத்தின் முதல் வரியில் வையுங்கள். பெரும்பாலானோர் அதை அடியில் ஒளித்துவைக்கிறார்கள், பட்டதாரிகளுக்கு முன்னால் “ஆப்பரேட்டர்” என்று எழுதக் கூச்சம். எங்கள் வேலையில் அந்த ஒழுங்கு அபூர்வம். கூச்சப்பட வேண்டியதில்லை.

வேலை தேடும்போது பயோசென்சர் என்ற சொல்லை மட்டும் தேடினால் விளம்பரம் குறைவாகத்தான் வரும். அஸ்ஸே டெவலப்மெண்ட், ஐ.வி.டி., சர்ஃபேஸ் கெமிஸ்ட்ரி, ஆர் அண்ட் டி டெக்னீஷியன், புராசஸ் இன்ஜினியர் என்று தேடுங்கள். பினாங்கும் சேர்த்துத் தேடுங்கள், பஸ்ஸிலோ பைக்கிலோ தினம் போய் வருபவர்கள் கெடாவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மருத்துவக் கருவிகள் சட்டம் 2012 என்று ஒன்று உண்டு, அதை அமல்படுத்துவது மருத்துவக் கருவிகள் ஆணையம். ஐ.எஸ்.ஓ. 13485 என்ற தரமுறையின் அடிப்படையை ஒரு வார இறுதியில் படித்துவிட்டுப் போனால், ஆய்வகத்துக் கைவேலைக்கும் விற்பனைக்குரிய பொருளுக்கும் இடையே உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

வேலை கிடைத்த பிறகு

ஆய்வகத்துக்குள் நுழைந்த முதல் வாரம், குளிர்பெட்டியின் சாவியையும் லாட் பட்டியலையும் வைத்திருப்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் பல வருடம் இருக்கும் ஆய்வக உதவியாளர் ஒருவர், மலாயில் சொன்னால் ஒரு காக் (அக்கா) அல்லது ஒரு பாங் (அண்ணன்). அவரிடம் மரியாதையாகப் பேசிப் பழகுங்கள். எந்தப் பெட்டி கரண்ட் போனால் தாங்கும், எந்த ஆன்டிபாடிக் குப்பி முன்பே ஒருமுறை உருகி உறைந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும் ஆன்டிபாடியின் ஒரு பகுதி கெடும். சிறு குப்பிகளாகப் பிரித்து, தேதியும் உங்கள் பெயரும் எழுதி வையுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் தயங்காதீர்கள். தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-க்குச் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாத நிலையில், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையை அது தொழிலாளிக்குத் தருகிறது. பெரியவர் சொல்கிறாரே என்று முகக்கவசமோ காற்றிழுக்கும் அலமாரியோ இல்லாமல் அமிலம் கலக்காதீர்கள். வேதிப்பொருளின் பாதுகாப்புத் தாளைக் கேட்டுப் படிப்பது உங்கள் உரிமை, வேலையின் ஒரு பகுதியும்கூட. கையுறை பவுடர் இல்லாத நைட்ரில் வகையாக இருக்கட்டும். பவுடர் பரப்பைக் கெடுக்கும், ரப்பர்க் கையுறையிலிருந்து புரதமும் கலக்கும்.

எண்கள் சரியாக வராத மாதம் ஒன்று கட்டாயம் வரும். அந்த மாதத்தில் ஆய்வக நோட்டு ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும். மின்முனையின் லாட், தயோலைக் கரைத்த தேதி, அறையின் ஈரப்பதம், துளி விட்ட நேரம், கழுவிய நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். எந்தப் படியில் அரைவட்டம் தவறியது என்று அந்த நோட்டைப் புரட்டிச் சொல்ல முடிந்தால், திட்டத்தை நடத்தும் டாக்டரிடம் போய், “டாக்டர், தயோல் அடுக்கிலேயே சீராக வரவில்லை, புதிய எத்தனால் வாங்கிப் பார்க்கட்டுமா?” என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவருக்கு அடுத்த திட்டத்தில் இடம் ஒதுக்குவார்கள்.

விண்ணப்பம் அனுப்புமுன் ஒரு காரியம் செய்யுங்கள். ஏய்ம்ஸ்டோ யூனிமேப்போ திறந்த நாள் நடத்தும்போது போய், பிரசுரம் வாங்குவதோடு நில்லாமல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மின்மறுப்பு அளக்கும் கருவி எது, மாணவர்கள் எத்தனை பேர் அதைப் பங்கிடுகிறார்கள், இளநிலைப் பட்டதாரி அதைத் தொட அனுமதி உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு “உண்டு” என்று சொல்லும் இடத்தில் சேருங்கள்.